முன்கூட்டிச் சொன்ன நன்றி

கொஸ்கஹவெல,
பல்லேபொல.
14.10.1967

மாத்தளை நிருபர் ஏ. எல். எம். இத்ரூஸ் அவர்களுக்கு,

ஐயா, என் பெயர் சந்திரகாந்தா. கொஸ்கஹவெலவில் கட்டியிருக்கும் புதிய பிரசவ விடுதிக்கு நியமனமாகி வந்த அரசாங்க மருத்துவிச்சி. ஊரில் என்னை மிஸ்ஸி என்று கூப்பிடுகிறார்கள். உங்களை நான் பார்த்ததில்லை. நீங்களும் எங்கள் ஊரைப் பார்த்ததில்லை என்பது பத்தாம் தேதிப் பத்திரிகையைப் படித்ததும் தெரிந்துவிட்டது.

"கொஸ்கஹவெலவில் பிரசவ விடுதி கோலாகலத் திறப்பு" என்று எழுதியிருக்கிறீர்கள். எம்.பி. அவர்கள் பலத்த கரகோஷத்துக்கிடையே நாடாவை வெட்டினாராம். கிராமச் சங்கத் தலைவர் முதியான்சே வரவேற்றாராம். மாதர் சங்கத் தலைவி திருமதி உம்மு குல்தூம் நன்றியுரை கூறினாராம். அதைக் கேட்டுச் சபையோர் கண் கலங்கினராம்.

நடந்ததைச் சொல்கிறேன். அன்று விடியலிலிருந்து கொட்டிய மழையில் ஊருக்கு வரும் வழியிலுள்ள சின்னப் பாலம் உடைந்து போனது. எம்.பி.யின் கார் பல்லேபொலவோடு திரும்பிவிட்டது. நாங்கள் பந்தலில் நனைந்துகொண்டு நின்றோம். விழாவுக்கு வேறு தேதி தருவதாகச் சொல்லி, மாத்தளை அரசாங்கக் கந்தோரிலிருந்து வந்த கிளார்க் விடுதிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். நாடாவை யாரும் வெட்டவில்லை. அது மழையில் சாயம் போய்க் கதவில் ஒட்டிக்கொண்டிருந்தது. நன்றியுரையும் இல்லை. சபையோர் கண் கலங்கியது மட்டும் உண்மை. அது ஈர விறகில் தேநீர் வைத்த புகை.

பிள்ளை பிறக்குமுன் பெயர் வைக்கக் கூடாது என்பார்கள். உங்கள் தொழிலில் அப்படி ஒரு வழக்கம் இல்லை போலிருக்கிறது. விடுதி இன்னும் பூட்டியே கிடக்கிறது, கர்ப்பிணிகளை வீடு வீடாகப் போய்த்தான் பார்க்கிறேன். இதையும் அதே பெரிய எழுத்தில் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செ. சந்திரகாந்தா


இத்ரூஸ் படச்சட்டக் கடை,
திருகோணமலை வீதி,
மாத்தளை.
19.10.1967

கனம் மருத்துவிச்சி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. மருத்துவிச்சியின் கையில் கத்தரிக்கோல் இருக்கும் என்று தெரியும். பேனாவும் அதே மாதிரி வெட்டும் என்று இப்போது தெரிந்துகொண்டேன்.

என் பக்க நியாயத்தையும் கேளுங்கள். நான் படத்துக்குச் சட்டம் போட்டுப் பிழைப்பவன். செய்தி எழுதுவது ஆசைக்கு. நாலந்தாவில் யானை வயலில் இறங்கினாலும், வில்கமுவவில் வாய்க்கால் உடைந்தாலும், பாடசாலையில் பரிசளிப்பு நடந்தாலும் நான்தான் எழுத வேண்டும். இவ்வளவுக்கும் என்னிடம் இருப்பது ஒரு சைக்கிள். பகல் ரயிலில் போகாத செய்தி கொழும்பில் பழைய சோறு. ஆகவே விழா என்றால் அழைப்பிதழ் கைக்கு வந்ததுமே, நடந்துவிட்டதாக எழுதி உறையில் போட்டு விடுவோம். யார் தலைமை, யார் வரவேற்பு, யார் நன்றி எல்லாம் அதில் அச்சாகியிருக்கும். நான் சேர்ப்பது கரகோஷமும் கண்ணீரும்தான். எல்லா ஊர் நிருபர்களும் இப்படித்தான் செய்கிறோம். மழை பெய்யும் என்று அழைப்பிதழில் போடுவதில்லையே.

இன்னொன்று. உங்கள் விடுதிச் சுவரில் எம்.பி.யின் பெயரும் திறந்து வைத்த தேதியும் வெட்டிய சலவைக்கல் இருக்கிறதல்லவா? அதை வெட்டியவர் என் கடைக்கு எதிரே இருக்கிறார். அவர் விழாவுக்கு ஒரு மாதம் முந்தியே எழுதிவிட்டார். நான் காகிதத்தில் எழுதினேன், அவர் கல்லில் எழுதினார். அவருக்கு நீங்கள் கடிதம் போட்டீர்களா என்று விசாரித்தேன். போடவில்லையாம்.

திருத்தம் போடலாம். ஆனால் எம்.பி. வரவில்லை என்று அச்சில் வந்தால் அவருக்கு மனத்தாங்கல் ஆகும். புதிய தேதி இந்த மாதத்துக்குள் வரும் என்று கேள்வி. வந்து திறந்துவிட்டால் என் செய்தியும் மெய்யாகிவிடும், உங்கள் கோபமும் ஆறிவிடும். கொஞ்சம் பொறுங்கள்.

தங்கள்,
ஏ. எல். எம். இத்ரூஸ்


கொஸ்கஹவெல
8.11.1967

நிருபர் அவர்களுக்கு,

பொறுத்தேன். பொறுத்ததன் பலனைக் கேளுங்கள்.

சாவியைத் தரும்படி ஊரார் எல்லாரும் கையெழுத்து வைத்து ஒரு மனு அனுப்பினோம். கந்தோரிலிருந்து நேற்றுப் பதில் வந்தது. "மேற்படி விடுதி ஏற்கெனவே திறக்கப்பட்டுப் பொதுமக்கள் பாவனைக்கு விடப்பட்டுள்ளதாகப் பத்திரிகை வாயிலாக அறிகிறோம். ஆகவே மேற்கொண்டு நடவடிக்கை அவசியமில்லை." அந்தப் பத்திரிகைத் துண்டையும் குண்டூசி குத்தி அனுப்பியிருக்கிறார்கள். பூட்டு தொங்குவதை ஊரே பார்க்கிறது. ஆனால் பூட்டைவிட உங்கள் செய்தி பலமாக இருக்கிறது. எங்கள் மனு இருந்த கடுதாசிக்கட்டை மூடிவிட்டார்கள்.

நீங்கள் சிரித்துப் பேசத் தெரிந்தவர். நான் இப்போது சிரிக்கிற நிலையில் இல்லை. இங்கே பலீல் என்று ஒரு மிளகு வியாபாரி. அவர் மனைவி ஆஸியா. இரண்டு பிள்ளையைப் பறிகொடுத்தவள். கடைசிப் பிள்ளை மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் ஹயரிங் காரிலேயே பிறந்து மூச்சில்லாமல் போனது. அப்போது ஊரில் மருத்துவிச்சி கிடையாது. இப்போது மறுபடி உண்டாகியிருக்கிறாள். நோன்புப் பெருநாள் கழிந்து பிள்ளைக்கு நாள். அவள் வீட்டுக்கு ஓடையைத் தாண்டிப் போக வேண்டும். மழை வந்தால் நான் இக்கரை, அவள் அக்கரை. விடுதிக்குள் கட்டில் இருக்கிறது, குழாய்த் தண்ணீர் இருக்கிறது, பிள்ளைக்கு மூச்சு எடுக்கும் சாமான் இருக்கிறது. எல்லாவற்றையும் ஜன்னல் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு வருகிறேன். நான் வந்த நாளிலிருந்து அவள் என்னிடம் கேட்பது ஒன்றுதான். "மிஸ்ஸி, இந்தப் புள்ள தங்குமா?" நான் என்ன சொல்லட்டும், நீங்களே எழுதுங்கள்.

நீங்கள் நன்றி சொல்ல வைத்த உம்மு குல்தூம் வேறு யாருமல்ல, பலீலின் தாய், ஆஸியாவின் மாமியார். இந்த விடுதிக்கு ஓடையிலிருந்து மணல் சுமந்த பெண்களுக்கெல்லாம் முன்னால் நின்று சுமந்தவர். பொது இடத்தில் வாய் திறந்து பேசியதில்லை. செய்தியைப் பார்த்து அவருடைய தம்பி மடவல உல்பொத்தையிலிருந்து ஓடி வந்து, ஆண்கள் சபையில் மைக்கில் எப்படிப் பேசலாம் என்று சத்தம் போட்டார். "மைக் எங்க இருந்துச்சு, மழைதான் இருந்துச்சு" என்று சொல்லி அனுப்பிவிட்டார் இவர்.

கந்தோர்க் கடிதத்தை அவருக்கு நான் வாசித்துக் காட்டினேன். பிறகு உங்கள் செய்தியை எடுத்து, நன்றியுரை பகுதியை மட்டும் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னார். பேப்பரை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். மாத்தளை பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார். உங்கள் கடை எங்கே என்றும் கேட்டார். சொல்லிவிட்டேன். இனி உங்கள் பாடு.

சந்திரகாந்தா


மாத்தளை
26.11.1967

அன்புள்ள மிஸ்ஸிக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்றே திருத்தம் எழுதி அனுப்பினேன். நம்பினால் நம்புங்கள், அதற்காக ஒரு அழைப்பிதழையும் பார்க்கவில்லை. கொழும்பிலிருந்து பதில் வந்தது. திறந்த விடுதி செய்தி, திறக்காத விடுதி செய்தியல்ல என்று எழுதியிருந்தார்கள். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எத்தனை வருடமாக இந்த வேலை பார்க்கிறேன், என் எழுத்து ஒரு கதவைப் பூட்டும் என்று நினைத்ததே இல்லை. ஆஸியா என்ற அந்தப் பிள்ளையின் கேள்வி மனத்தைவிட்டுப் போகவில்லை.

பௌர்ணமிப் போயா லீவு கழிந்து கந்தோர் திறந்த அன்று காலை, கடைப் பலகையை எடுத்துக்கொண்டிருந்தேன். வெள்ளைச் சேலையில் முக்காடு போட்ட ஒரு அம்மா வந்து நின்றார். பின்னால் குடையைப் பிடித்தபடி ஒரு ஆள், அது பலீல். அம்மா கடைக்குள் தொங்கின படங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். மக்கத்துப் படம், முருகன் படம், புத்தர் படம், எம்.பி.யின் படம். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீங்கதான் என்னையப் பேச வெச்ச தம்பியா?"

ஆமாம் என்றேன். அடி விழும் என்று நினைத்தேன். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று ஒரு சமாதானம் சொல்லப் பார்த்தேன். ஆனை சறுக்கினால் கீழே இருக்கிறவனுக்குத்தான் கேடு என்றார். பிளேன்டீ வரவழைக்கிறேன் என்றேன். அதெல்லாம் பிறகு, கந்தோருக்கு வழிகாட்டுங்கள் என்று நடக்கத் தொடங்கிவிட்டார். நான் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே ஓடினேன்.

கந்தோரில் பெரிய ஐயாவைப் பார்க்க விட மாட்டேன் என்றான் பியோன். அம்மா அவனோடு வாதாடவில்லை. வாசலில் இருந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்துகொண்டார். உள்ளே போகிற ஒவ்வொருவரையும் பார்த்து, பெரிய ஐயாவிடம் கொஸ்கஹவெல உம்மு குல்தூம் வந்திருக்கிறாள், நன்றி சொன்னவள் வந்திருக்கிறாள் என்று சொல்லச் சொன்னார். சிங்களவர் வந்தால் சிங்களத்தில், நம்மவர் வந்தால் தமிழில். பகலாவதற்குள் அந்தக் கந்தோரில் நன்றி சொன்னவளைத் தெரியாதவர் இல்லை. பெரிய ஐயாவே வெளியே வந்துவிட்டார்.

அவர் நல்ல மனிதர்தான். கடுதாசிக்கட்டை வரவழைத்து, செய்தித் துண்டைக் காட்டி, இதோ திறந்தாயிற்றே என்று மரியாதையாகச் சொன்னார். அப்போதுதான் அம்மா இடுப்பிலிருந்து பேப்பரை எடுத்து மேசையில் விரித்தார்.

"இதுல நன்றி சொன்னது நான்தான் ஐயா. ஊரே பாத்திருச்சு, என் தம்பி சண்டைக்கே வந்துட்டான். வாங்காத சாமானுக்கு நன்றி சொன்னவளாகிட்டேன். சொன்ன நன்றியத் திருப்பி எடுக்க ஏலாது. நீங்க சாமானக் குடுத்துருங்க."

மிஸ்ஸி, இந்த மாவட்டத்துப் பெரிய மனிதர்களின் பேச்சையெல்லாம் எழுதினவன் நான். பாதிப் பேச்சை அவர்கள் பேசாமலே எழுதினவன். அப்படி ஒரு பேச்சை நான் கேட்டதில்லை. நானாக எழுதியிருந்தாலும் அப்படி வந்திருக்காது. பெரிய ஐயா பேப்பரைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். இந்தச் செய்தி நீ எழுதினதா என்று கேட்டார். ஆமாம் என்றேன். மெய்யா என்றார்.

"இன்னும் இல்லைங்க ஐயா."

அவர் சிரித்துவிட்டார். செய்தி பொய் என்றால் அவர் அனுப்பின பதில் பொய். மெய் என்றால் சாவி இங்கே இருக்கக் கூடாது. கிளார்க்கைக் கூப்பிட்டு, சாவியை அந்த அம்மாவிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொள் என்றார். அம்மா சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு, நன்றி ஒன்றும் சொல்லாமல் இறங்கிவிட்டார். ஏன் என்று வழியில் கேட்டேன். ஒரு சாமானுக்கு இரண்டு தரமா விலை கொடுப்பார்கள் என்று கேட்டார்.

பிறகுதான் பிளேன்டீ குடிக்க வந்தார். இதைப் பத்திரிகைக்கு எழுதவில்லை. உங்களுக்கு மட்டும் எழுதுகிறேன்.

இத்ரூஸ்


கொஸ்கஹவெல
10.1.1968

இத்ரூஸ் நானாவுக்கு,

நோன்புப் பெருநாள் வாழ்த்துப் பிந்திப்போயிற்று, மன்னியுங்கள். எழுத நேரமில்லாத அளவுக்கு வேலை. நல்ல வேலை.

சாவி வந்த மறுநாளே ஊர்ப் பெண்கள் கூடி விடுதியைக் கழுவினார்கள். முதியான்சே ஐயா தம் வீட்டுப் பெட்ரோமாக்ஸ் விளக்கைக் கொண்டு வந்து மாட்டினார். முதலில் வந்தது அவருடைய தங்கை மகள், பெண் பிள்ளை. அடுத்தது மேலேயுள்ள தோட்டத்துத் தொழிலாளர் லயத்திலிருந்து காத்தாயி. தோட்டத்துப் பெண்களுக்கு இங்கே இடமுண்டா என்று சந்தேகப்பட்டு வாசலிலேயே நின்றாள். உம்மு குல்தூம் அவளைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தார். மணல் சுமந்தபோது அவள் மாமியார் தனக்குப் பின்னால் நின்றதாகச் சொன்னார். நோன்பு முழுவதும் மாலையானால் யாராவது ஒரு வீட்டிலிருந்து எனக்குக் கஞ்சி வந்துவிடும். எல்கடுவைப் பக்கத்தில் தோட்டத்து டிஸ்பென்சர் மகளாகப் பிறந்து, ஒரு ஊரில் இப்படிப் பிள்ளை மாதிரி இருப்பேன் என்று நினைக்கவில்லை.

இனி என் கவலை. எம்.பி. இந்த மாதம் இருபதாம் தேதி வருகிறாராம், முறைப்படி திறப்பு விழாவாம். அதற்கு மூன்று நாள் முந்தியே விடுதியைக் காலி பண்ணி, வெள்ளையடித்து, நாடா வெட்டும் வரை யாரையும் சேர்க்கக் கூடாது என்று எனக்கு உத்தரவு. திறக்காத விடுதிக்குள் நோயாளி இருப்பது முறையல்லவாம்.

ஆஸியாவுக்கு நாள் அதே வாரம். சோதித்துப் பார்த்தேன், பிள்ளை இருக்கும் விதம் எனக்குப் பிடிக்கவில்லை. இதை அவளிடம் சொல்லவில்லை. இவ்வளவு பாடுபட்டுக் கிடைத்த சாவி, அவளுக்குத் தேவையான நாளில் உதவாமல் போகுமா? உத்தரவை மீறினால் என்னை வேறெங்காவது மாற்றி விடுவார்கள். அப்புறம் இந்தப் பெண்கள் எல்லாருக்கும் ஆள் இல்லாமல் போகும். மீறாவிட்டால் அவள் ஒருத்திக்கு. இரவும் பகலும் இதே யோசனை.

நான் தைரியசாலி இல்லை, நானா. கடிதத்தில் மட்டும்தான் எனக்கு வாய். நீங்கள் அன்று கட்டாயம் வர வேண்டும். எதற்கென்று கேட்டால் தெரியாது, நம் ஆள் ஒருவர் இருந்தால் நல்லது என்று தோன்றுகிறது.

அன்புடன்,
சந்திரகாந்தா


மாத்தளை
14.1.1968

அன்புள்ள தங்கச்சி சந்திரகாந்தாவுக்கு,

முதலில் பொங்கல் வாழ்த்து.

அழைப்பிதழ் எனக்கும் வந்தது. ஆணியில் மாட்டியிருக்கிறேன். ஒரு வரி எழுதவில்லை.

உனக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதி கிடையாது, பிள்ளைப் பேறு பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பெயர் சூட்டு விழாவும் சர்க்கரையும்தான். ஒன்று மட்டும் கேட்கிறேன். உத்தரவு வந்ததை உம்மு குல்தூம் அம்மாவிடம் சொன்னாயா? உன் கடிதத்தில் அது இல்லை. சொல்லாமல் தனியாகச் சுமக்கிறாய் என்று நினைக்கிறேன். போய்ச் சொல்லிவிடு. அந்த அம்மா எந்தச் சுமையையும் பத்துப் பேருக்குப் பங்கு போட்டு விடுவார், நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இருபதாம் தேதி முதல் பஸ்ஸில் வருவேன்.

இத்ரூஸ் நானா


மாத்தளை
21.1.1968

அன்புள்ள தங்கச்சிக்கு,

நேற்று உன்னைப் பார்க்காமலே பஸ் ஏற வேண்டியதாயிற்று. உன்னைக் கூப்பிட்டு வருகிறேன் என்று பலீல் எழுந்தார். நான்தான் வேண்டாம் என்றேன். நீ உள்ளே இருந்தாய், வெளியே நடந்தது ஒன்றும் உனக்குத் தெரியாது. நான் வெளியே இருந்தேன், உள்ளே நடந்தது எனக்குத் தெரியாது. ஆகவே என் பங்கை எழுதுகிறேன்.

நான் வந்து சேர்ந்தபோது பந்தல் தயார். வெள்ளையடித்த வாசனை. கதவுக்குக் குறுக்கே சிவப்பு நாடா கட்டியிருந்தது. அந்தக் கதவுக்கு முன்னால் ஒரு கதிரையைப் போட்டு உம்மு குல்தூம் அம்மா உட்கார்ந்திருந்தார், கையில் தஸ்பீஹ் மணி. பலீல் வாங்கில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தார். அவர்தான் சொன்னார். அம்மா விடிய வெள்ளென ஆஸியாவைக் கூட்டிக்கொண்டு வந்தாராம். நீ உடனே கதவைத் திறந்து உள்ளே விட்டுச் சாத்திக்கொண்டாயாம். பிறகு வந்த கிளார்க், உள்ளே ஆள் இருப்பது தெரியாமல் நாடாவைக் கட்டிவிட்டாராம். தைரியம் இல்லை என்று எனக்கு எழுதினவள் நீதானே!

எம்.பி.யின் கார் நேரத்துக்கு வந்தது. மேளம், மாலை எல்லாம் ஆயிற்று. அவர் கத்தரிக்கோல் தட்டின் பக்கம் நடக்க, உள்ளேயிருந்து ஒரு முனகல் கேட்டது. கிளார்க்கின் முகம் சுவரைவிட வெள்ளையாகிவிட்டது. யார் உள்ளே என்று ஓடி வந்தார்.

"உள்ள புள்ள பொறக்குது. கொஞ்சம் இருங்க" என்றார் அம்மா.

எம்.பி.க்கு நாலந்தாவில் இன்னொரு விழா இருக்கிறது, நாடாவையாவது வெட்டட்டும் என்று கிளார்க் கெஞ்சினார். தாராளமாக வெட்டலாம், கதவைத் திறக்க மட்டும் முடியாது என்றார் அம்மா. மைக்கை நிறுத்தச் சொன்னார், மேளத்தை ஓடைப் பக்கம் போகச் சொன்னார். எல்லாரும் கேட்டார்கள். எம்.பி.யும் கேட்டார். அவர் படத்துக்கு நான் எத்தனையோ சட்டம் போட்டிருக்கிறேன், நேற்றுத்தான் அந்த மனிதரைப் பார்த்தேன். மாலையைக் கழற்றித் தட்டில் வைத்தார். இந்தப் பிள்ளையின் தகப்பன் யார் என்று கேட்டு, பலீலின் பக்கத்தில் வாங்கில் போய் உட்கார்ந்துகொண்டார். நாலந்தாவுக்கு ஆள் அனுப்பிவிட்டார்கள்.

வெயில் ஏறிவிட்டது. யாரும் கலையவில்லை. காத்தாயி தன் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு லயத்துப் பெண்களோடு வந்து நின்றாள். முதியான்சே ஐயா வரவேற்புரைத் தாளால் விசிறிக்கொண்டிருந்தார். ஆஸியாவின் சத்தம் உயர்ந்து உயர்ந்து வந்து, திடீரென்று நின்றது.

பிள்ளையின் சத்தம் வரவில்லை.

அதற்காகக் காத்திருந்தோம். வரவில்லை. பலீல் எழுந்து நின்றார், எம்.பி. அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அம்மா கதிரையை விட்டு எழுந்து இரண்டு கையையும் கதவில் வைத்தார். தள்ளவில்லை, சும்மா வைத்துக்கொண்டு நின்றார். உதடு மட்டும் ஓதிக்கொண்டிருந்தது. இரண்டு பிள்ளை போன வீடு என்று உன் கடிதத்தில் படித்தது நினைவுக்கு வந்தது. யா அல்லாஹ், மூன்றாவதாகவும் ஆகிவிடக் கூடாது என்று கேட்டேன். நான் இப்படிக் கேட்டு வெகுநாளாயிற்று.

அப்புறம் அழுதது. நல்ல உரத்த அழுகை. லயத்துப் பெண்கள் குலவை போட்டார்கள், நம்மவர்கள் சலவாத்துச் சொன்னார்கள், முதியான்சே ஐயா சாது சாது என்றார். எம்.பி. லேஞ்சியால் முகத்தைத் துடைத்தார். கண் கலங்கினவர் யார் யார் என்று நான் பார்க்கவில்லை, எனக்கே கண் தெரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. நாடா குறுக்கே இருந்ததை அம்மா கவனிக்கவே இல்லை. அப்படியே உள்ளே நடந்தார், நாடா அறுந்து அவர் தோளோடு போயிற்று. எம்.பி. கத்தரிக்கோலைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

தங்கச்சி, இரண்டு விஷயம் எனக்குத் தெரிய வேண்டும். அந்தச் சத்தமில்லாத நேரத்தில் உள்ளே என்ன நடந்தது? இன்னொன்று, இவ்வளவு காவலாகச் சாத்தியிருந்த கதவு அவ்வளவு சீக்கிரம் ஏன் திறந்தது? எம்.பி. சைகை காட்டினார், மிஸ்ஸி ஜன்னல் வழியாகப் பார்த்துத் திறந்தாள் என்று கிளார்க் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். சுவரில் கல் இருக்கிறது, அதில் ஒரு பெயர் இருக்கிறது. விடுதியை யார் திறந்து வைத்தார் என்று நான் எழுதியாக வேண்டும். உன் பதில் வரும் வரை எழுத மாட்டேன். செய்தி பழசாகட்டும்.

இத்ரூஸ் நானா


கொஸ்கஹவெல
25.1.1968

அன்புள்ள நானா,

ஆண் பிள்ளை. தாயும் பிள்ளையும் சுகம். இன்று காலை வரை விடுதியிலேயே வைத்திருந்து, இப்போதுதான் ஓடை கடத்திவிட்டு வந்து எழுதுகிறேன். என்னை மாற்றும் பேச்சு எதுவும் இதுவரை இல்லை. பெரிய ஐயா வந்து பார்த்துவிட்டு, இன்னொரு கட்டில் போடச் சொல்லியிருக்கிறார்.

நீங்கள் சொன்ன அன்றே உம்மு குல்தூம் அவர்களிடம் உத்தரவைப் பற்றிச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, நீங்கள் கதவை மட்டும் திறந்து விடுங்கள், வெளியே இருப்பதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அப்படித்தான் செய்தேன். அவர் வெளியே இருக்கிறார் என்ற ஒரு தைரியம்தான். மேளம் நின்றது தெரியும். ஏன் நின்றது என்று அப்போது யோசிக்கவில்லை.

நான் பயந்த மாதிரியே ஆயிற்று. கொடி கழுத்தில் சுற்றி, பிள்ளை நீலமாக வந்தது. கை கால் தொங்கிப்போய்க் கிடந்தது. கொடியை வெட்டி, வாயையும் மூக்கையும் உறிஞ்சித் துடைத்து, முதுகைத் தேய்த்தேன். பாதத்தில் தட்டினேன். ஒன்றும் இல்லை. என் வாயை வைத்து ஊதினேன். ஆஸியா தலையைத் தூக்கி, "ஏன் மிஸ்ஸி அழல்ல?" என்று கேட்டாள். இப்ப அழும் என்றேன். அது பொய், நானா. எனக்குத் தெரியாது. நடக்காததை நடந்ததாக எழுதினதற்கு உங்களை எவ்வளவு பேசினேன். அன்றைக்கு நானும் அதைத்தான் செய்தேன், அது மெய்யாக வேண்டுமே என்று ஊதிக்கொண்டே இருந்தேன். நெஞ்சு ஒரு தரம் அசைந்தது. இன்னொரு தரம். பிறகு நீங்கள் எல்லாரும் கேட்ட சத்தம்.

பிள்ளையைத் துடைத்து அவள் மார்பில் போட்டேன். கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெளியே அவ்வளவு பேர் இருப்பது குலவைச் சத்தத்தில்தான் எனக்கு உறைத்தது. அப்போதும் கதவைத் திறக்க எனக்கு மனமில்லை. இன்னும் வேலை இருந்தது, நாலு பேர் உள்ளே நுழைந்து சத்தம் போடுவார்கள் என்று பயம். ஜன்னல் பக்கம் நான் போகவே இல்லை. எந்தச் சைகையையும் பார்க்கவில்லை.

ஆஸியா பிள்ளையின் தலையை முகர்ந்துகொண்டே கிடந்தாள். இரண்டு பிள்ளையின் அழுகையைக் கேட்காதவள், இதை அழ விட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"கதவத் தொறந்து விடுங்க மிஸ்ஸி. மாமி ரொம்ப நேரமா வெயில்ல நிக்கிறாங்க."

நான் போய்த் திறந்தேன்.

சந்திரகாந்தா